சம்பலில் கரைந்த துரைமார் சலுகை

அரசாங்கத்தில் ஓர் உத்தரவைப் போடுவது சுலபம். அதைச் சாகடிப்பதுதான் கஷ்டம். போட்டவர் கப்பலேறிப் போயிருப்பார். அவருடைய கொடியை இறக்கி மடித்து வைத்திருப்பார்கள். உத்தரவு மட்டும் ஏதோ ஓர் அலமாரியில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சலாம் போட்டுக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட உத்தரவு ஒன்றை என் இருபத்திரண்டாவது வயதில் நான் ஒழித்துக் கட்டினேன். வீரம், விவேகம் எதுவும் அதில் இல்லை. ஒரு பாட்டிலைத் திறக்கத் தெரியாமல் திறந்தேன், அவ்வளவுதான். அதற்காக அன்றும் நான் வருத்தப்படவில்லை, இன்றும் வருத்தப்படவில்லை. (புடவைக்காக மட்டும் வருத்தம் உண்டு. இளம் பச்சையில் அரக்குக் கரை போட்ட சுங்கடி.)

நயா பைசா வந்த புதிது. திருச்சி ஏரோட்ரோமில், சுங்க இலாகாவில், எனக்கு உத்தியோகம். உத்தியோகத்தின் பெயர் லேடி சர்ச்சர். சிலோன் விமானத்தில் வரும் பெண்களுடைய பெட்டிகளைச் சோதிப்பது, சந்தேகம் தோன்றினால் திரைக்குப் பின்னால் அழைத்துப் போய் அவர்களையும் சோதிப்பது என்பதுதான் வேலை. கொண்டைக்குள் கைக்கடிகாரம் ஓடும். கைக்குழந்தையின் இடுப்புத் துணியில் தங்கம் தூங்கும். ஒரு தடவை கர்ப்பிணி ஒருத்தி திரைக்குப் பின்னால் போய் ஏழு நைலான் புடவைகளைப் பெற்றெடுத்துவிட்டு ஒல்லியாக வெளியே வந்தாள்.

ஸ்ரீரங்கத்தில், வடக்குச் சித்திரை வீதியில் இருந்த எங்கள் வீட்டில், இந்த உத்தியோகத்தின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, கேட்டவர்களிடமெல்லாம் "ஏரோட்ரோம்ல கிளார்க்" என்பார். அம்மா அதையும் சொல்ல மாட்டாள். பெண் வீட்டை விட்டு வெளியே போவதே அவளுக்குப் பெரிய விஷயம்; ஊரார் இடுப்பைத் தடவிப் பார்க்கிற வேலைக்குப் போகிறாள் என்பதை எந்த வாயால் சொல்வாள்? ஜாதகம் கேட்டு வந்த இரண்டு இடங்கள் உத்தியோக விவரம் தெரிந்ததும் திரும்பி வரவில்லை. எனக்கோ அந்த வேலையில் தலைகால் புரியாத பெருமை. வெள்ளைப் பட்டையில் செப்புப் பித்தான் வைத்த பேட்ஜ் ஒன்று கொடுத்திருந்தார்கள். அதைக் குத்திக்கொண்டால் பாரத அரசாங்கமே என் இடது தோளில் உட்கார்ந்திருப்பதாக நினைப்பு.

எங்கள் சூப்பரின்டெண்டென்ட் அருளப்பன் சார். பரம சாது. வெள்ளைக்காரத் துரைகளிடம் வேலை பழகியவர். ஓய்வு பெறக் கொஞ்ச காலமே இருந்தது. கஞ்சி போட்ட வெள்ளை யூனிபாரத்தில் ஒரு சுருக்கம் விழாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருக்கும் வித்தை அவருக்குத் தெரியும். அவருக்கு வேண்டியதெல்லாம் தம் பென்ஷன் வரைக்கும் யாரும் எதையும் சத்தமாகக் கீழே போடாமல் இருக்க வேண்டும் என்பதுதான். நான் சேர்ந்த முதல் நாளே அவர் எனக்கு ஒரு பாடம் சொன்னார். சில பெட்டிகளைத் திறக்கக் கூடாது. இன்ன இன்ன உயர் பதவிகளில் இருக்கும் அதிகாரிகளும் அவர்கள் குடும்பத்தாரும் கொண்டுவரும் சாமான்களுக்கு வரி கிடையாது, சோதனையும் கிடையாது. அது துரைமார் காலத்து உத்தரவு. துரைமார்தான் போய்விட்டார்களே என்று கேட்டேன். பதவி போகவில்லையே என்றார்.

அந்தப் பதவிகளில் ஒன்றில் இருந்தவரின் மனைவிதான் இந்தக் கதையின் கதாநாயகி. அவரை மேடம் என்று மட்டும் சொல்கிறேன். பிரயாணியின் பெயரையும் அவர் பெட்டியில் இருந்ததையும் சேர்த்து வெளியே சொல்லக் கூடாது என்பது எங்களுக்கு விதி. (நான் வேலையை விட்டுப் பல வருஷம் ஆகிறது. மேடமும் பரமபதம் அடைந்துவிட்டார். இருந்தாலும் விதி விதிதான்.) மேடத்தின் அக்காள் கொழும்பில் இருந்தாள். வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை மேடம் போய் வருவார். போகும்போது ஒரு பெட்டி, வரும்போது மூன்று. அத்தனைக்கும் அருளப்பன் சார் சாக்பீஸால் கோடு போட்டு அனுப்பிவிடுவார்.

ஸ்ரீரங்கத்திலும் மேடத்துக்குத் தனி மரியாதை. மாதர் பஜனைச் சங்கத்தின் தலைவி. வெங்காயம், பூண்டு வாசலைக்கூட மிதிக்காத வீடு. அவர் மடியாக இருக்கும் சிரத்தையைப் பற்றி எங்கள் தெருவில் பேசாதவர்கள் கிடையாது. நான் சரியாகத் தலை வாராமல் ஆபீசுக்குக் கிளம்பினால்கூட அம்மா அவரைத்தான் உதாரணம் காட்டுவாள்.

சம்பவம் நடந்த அன்று சாயங்காலம் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. பையன் பெயர் வரதன். கொழும்பில் ஒரு பாங்கியில் வேலை, லீவில் வந்திருந்தான். நான் உத்தியோகம் பார்ப்பது பற்றி அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று தரகர் சொல்லியிருந்தார். என்ன உத்தியோகம் என்பதைத் தரகர் அவர்களிடம் சொல்லவில்லை. லீவு போடச் சொல்லி அம்மா அழாத குறையாகக் கேட்டாள். அன்றைக்கு விமானம் இருக்கிறது, நான்தான் ஒரே லேடி சர்ச்சர், நான் இல்லாவிட்டால் தேசத்துக்குள் என்னென்ன நுழையும் தெரியுமா என்று கேட்டுவிட்டுக் கிளம்பினேன். சாயங்காலம் அப்படியே வந்து உட்காரலாம் என்றுதான் சுங்கடிப் புடவையைக் கட்டிக்கொண்டேன்.

விமானம் தாமதமாக வந்து இறங்கியது. வெயிலில் தகரக் கூரை கொதித்துக்கொண்டிருந்தது. வரிசையில் முதலில் வந்தவர் ஜைனம்பு பீவி என்ற பாலக்கரை அம்மாள். புருஷனுக்குக் கொழும்பில் துணிக்கடை. மகள் கல்யாணத்துக்காகச் சாமான்கள் வாங்கி வருகிறார். நான் அவருடைய டிரங்குப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தேன் என்றே சொல்லலாம். ஜார்ஜெட் புடவைகளை உதறினேன். பவுடர் டப்பாவுக்குள் பின்னல் ஊசியை விட்டுத் துழாவினேன். தலையணையின் ஓரத்தைப் பிரித்துப் பஞ்சைப் பார்த்தேன். ஒன்றும் ஒளித்து வைத்திருக்கவில்லை. வரி போட வேண்டியதற்கெல்லாம் வரி போட்டேன். அந்த அம்மாள் முகம் சுளிக்காமல் முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணிக் கொடுத்தார். பிறகு பஞ்சைத் திரும்பத் தலையணைக்குள் திணித்துக்கொண்டே, பக்கத்து மேஜையைப் பார்த்தார்.

பக்கத்து மேஜையில் மேடம். அவர் முன்னால் மூன்று பெட்டிகள். அருளப்பன் சார் சாக்பீஸோடு குனிந்திருந்தார்.

"ஏம்மா, அவங்க பொட்டிய மட்டும் ஏன் தொறக்கல?" என்றார் ஜைனம்பு பீவி.

அது அதிகாரி வீட்டுப் பெட்டி, அந்தக் காலத்து உத்தரவு என்று நான் விளக்கினேன். விளக்கும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

"அப்ப அந்தப் பொட்டிக்கு மட்டும் வெள்ளக்காரன் இன்னும் காவலுக்கு நிக்கிறானாக்கும்" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. பஞ்சு திணிப்பதில்தான் கவனமாக இருந்தார். அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

இருபத்திரண்டு வயதில் ஒருவருக்கு என்ன தெரியும்? எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சுதந்திரப் போராட்டத்தில் விடுபட்ட ஒரு சின்னப் பகுதி எனக்காகவே மிச்சம் வைக்கப்பட்டிருக்கிறது என்று தோன்றியது. பேட்ஜை நிமிர்த்திக்கொண்டு பக்கத்து மேஜைக்குப் போய், "பெட்டியைத் திறங்கோ மேடம்" என்றேன்.

அருளப்பன் சாரின் கையிலிருந்த சாக்பீஸ் ஒடிந்தது.

மேடம் என்னைப் பார்க்கவில்லை. அருளப்பன் சாரைத்தான் பார்த்தார். சார் என்னை ஓரமாக அழைத்துப் போய், வேண்டாம் அம்மா, உத்தரவு இருக்கிறது என்று கெஞ்சினார். அந்த உத்தரவை நான் பார்க்க வேண்டும் என்றேன். அவர் போய் அலமாரியைக் குடைந்து, ஓரமெல்லாம் பொடிந்துபோன ஒரு காகிதத்தை எடுத்து வந்தார். நான் அதை மேடத்தின் முன்னாலேயே உரக்கப் படித்தேன். உத்தரவு உண்மைதான். இன்ன பதவியில் உள்ள துரையும் அவருடைய குடும்பமும் இந்த நாட்டில் வசிப்பதற்கு வேண்டிய சொந்த உபயோகப் பொருள்களைத் தீர்வை இல்லாமல் கொண்டுவரலாம். என்னென்ன பொருள்கள் என்றும் துரை தாராளமாக எழுதி வைத்திருந்தார். குதிரைச் சேணம். வேட்டைத் துப்பாக்கி. டப்பியில் அடைத்த பன்றி மாமிசம். வெயில் தொப்பி. பியானோ ஒன்று.

"இதுல உங்க பெட்டியில எது இருக்கு மேடம்? பியானோவா?" என்று கேட்டேன்.

ஜைனம்பு பீவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வரிசையில் நின்ற எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள்.

மேடம் இப்போதுதான் என் பக்கம் திரும்பினார். "நீ வடக்குச் சித்திரை வீதிப் பொண்ணுதானே. நான் யாருன்னு நோக்குத் தெரியுமோன்னோ?"

"தெரியும் மேடம். தெரிஞ்சுண்டுதான் கேக்கறேன்."

உத்தரவு ரத்தாகவில்லையே என்று அருளப்பன் சார் முனகினார். தொடர்கிறது என்று யாராவது சொன்னார்களா என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் யோசித்தார். இத்தனை வருஷ சர்வீசில் அவரை யாரும் அந்தக் கேள்வி கேட்டதில்லை போலிருக்கிறது. அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நான் முதல் பெட்டியின் தாழ்ப்பாளைத் தட்டிவிட்டேன்.

முதல் பெட்டியில் புடவைகளும் சோப்பும். இரண்டாவதில் பீங்கான் கோப்பைகள். எல்லாவற்றுக்கும் வரி உண்டு. ஆனால் எதிலும் விறுவிறுப்பு இல்லை. மூன்றாவது பெட்டியைத் தொட்டதும் மேடத்தின் முகத்தில் நிறம் மாறியது. "அதைத் தொடாதே. அதுல பெருமாள் தீர்த்தம் இருக்கு" என்றார்.

பிடித்துவிட்டோம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பெட்டியின் அடியில் ஒரு கம்பளிச் சால்வை. அதற்குள் ஒரு துண்டு. அதற்குள் சிலோன் செய்தித்தாள். அதற்குள் கனமான ஒரு வாய் அகன்ற பாட்டில், மூடியின் மேல் மெழுகுத் துணி வைத்துச் சணலால் வரிந்து கட்டியிருந்தது. தீர்த்தத்தை யாராவது இப்படிக் கட்டுவார்களா? உள்ளே தங்கத்தைத் தவிர வேறெதுவும் இருக்க முடியாது. நாளைக்குப் பேப்பரில் என் படம் வரும். அதைப் பார்த்த பிறகு வரதன் வீட்டார் வரதட்சணை என்ற பேச்சையே எடுக்க மாட்டார்கள். இத்தனையும் சணலை அறுக்கும் நேரத்துக்குள் நினைத்து முடித்தேன். மேடம், வேண்டாம், வேண்டாம் என்று இப்போது வேறு குரலில் சொன்னார். அந்தக் குரலை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. பாட்டிலை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, மூடியை முழு பலத்தோடு திருகினேன்.

கொழும்பு வெயிலிலும் ஆகாயத்திலும் திருச்சித் தகரக் கூரையின் கீழும் உள்ளுக்குள்ளேயே பொங்கிக்கொண்டிருந்த அந்தப் பாட்டில், சோடா உடைக்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. பிறகு அதில் இருந்ததெல்லாம் வெளியே வந்தது. சிவப்பாக, எண்ணெயாக, சூடாக. முகத்தில் பாதி, புடவையில் மீதி, என் தோளில் இருந்த பாரத அரசாங்கத்தின் மேலும் கொஞ்சம். அருளப்பன் சாரின் கஞ்சி போட்ட வெள்ளை மார்பு முழுக்கச் செம்புள்ளி. மேஜையில் விரித்து வைத்திருந்த துரைமார் உத்தரவு எண்ணெயில் மிதந்தது.

முதலில் என் மூக்குக்கு எட்டியது வெங்காயம். மேடத்தின் பெட்டியில் வெங்காயமா என்று நான் அதிர்ந்து முடிப்பதற்குள் அடுத்த வாடை வந்து சேர்ந்தது. அந்த வாடை எனக்குப் பழக்கம். மாசி. கடலில் பிடித்த மீனைக் கட்டை போலக் காய வைத்து, இடித்துத் தூளாக்கி, வெங்காயத்தோடு காரமும் சீனியும் சேர்த்து வதக்குகிற சம்பலில் போடுவார்கள். சிலோனிலிருந்து வருகிறவர்கள் பலர் கொண்டுவருவார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு நானே எத்தனையோ பொட்டலங்களைச் சோதித்திருக்கிறேன். முகத்தில் பூசிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

மேடம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அந்த ஒரு நிமிஷத்தில் அவரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. தங்கம் கடத்தியிருந்தால்கூட அவர் நிமிர்ந்து நின்றிருப்பார். பிறகு கண்ணைத் திறந்து, அருளப்பன் சாரிடம் இங்கிலீஷில், இந்தப் பெண் நாளைக்கு இந்த வேலையில் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, மூன்று பெட்டிகளையும் மூடித் தூக்கச் சொன்னார். நான் கண் எரிய எரிய, சோப்புக்கும் புடவைக்கும் கோப்பைக்கும் வரி கட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்றேன். எப்படித்தான் வாய் வந்ததோ. அவர் கட்டினார். கட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

ஏரோட்ரோம் குழாயில் அன்றைக்கு ஒரு வாளித் தண்ணீர்கூட வரவில்லை. கண்ணைக் கழுவிக்கொள்ள மட்டும் போதுமாக இருந்தது. ஜைனம்பு பீவி அதுவரை போகாமல் நின்றிருந்தார். டிரங்குப் பெட்டியைத் திறந்து, நான் உதறிப் போட்டிருந்த புடவைகளில் ஒன்றை எடுத்து நீட்டினார். "இதக் கட்டிக்கம்மா. இந்தக் கோலத்துல பஸ்ஸுல போவாதீங்க." அழகான ஊதா நிற ஜார்ஜெட். வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தால் என் வாழ்க்கையே வேறு மாதிரி போயிருக்கும். ஆனால் பிரயாணியிடம் ஊழியர் எதையும் பெறக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. இப்போதுதான் ஊருக்கெல்லாம் விதி படித்துக் காட்டியிருக்கிறேன். வேண்டாம் என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, நல்ல புள்ளதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் கூட்டம் பிதுங்கியது. நான் ஏறிய பிறகு பிதுங்கவில்லை. எனக்கு முழு சீட் கிடைத்தது. அடுத்த நிறுத்தத்தில் பின் சீட்டும் காலியானது. கண்டக்டர் கையை நீட்டி எட்டத்திலிருந்தே டிக்கெட் கொடுத்தார். காவிரிப் பாலம் வந்தபோது, இறங்கி ஒரு முழுக்குப் போட்டால் என்ன என்று நினைத்தேன். நேரம் இல்லை. அவர்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். தெருமுனையில் இறங்கியதும் பூனைகள் சேர்ந்துகொண்டன. அதுவரைக்கும் வடக்குச் சித்திரை வீதியில் இத்தனை பூனைகள் இருப்பது எனக்குத் தெரியாது. வீட்டுக் கொல்லைப்புறக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. வேறு வழியில்லாமல், வாசல் வழியாக, கூடத்தின் நடுவே, பூனை பரிவாரத்துடன் எழுந்தருளினேன்.

கூடத்தில் ஜமக்காளம் விரித்து அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வரதன், அவனுடைய அப்பா, அம்மா, ஓரத்தில் தரகர். அப்பாவைப் பார்த்தால் சாது. அம்மாவைப் பார்த்தால் அப்பா ஏன் சாது என்பது தெரிந்தது. தட்டுகளில் சொஜ்ஜியும் பஜ்ஜியும் இருந்தன. நான் நுழைந்தபோது அந்த மாமி எங்கள் மேடத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். அவாளை மாதிரி மடியாக இருக்கிற மாட்டுப்பெண் வேண்டும் என்று. வாக்கியம் பாதியில் நின்றது. முந்தானை மூக்குக்குப் போனது.

என் அம்மா தூணைப் பிடித்துக்கொண்டாள். என் அப்பா நல்லவர், சமாளிக்கப் பார்த்தார். ஆபீஸில் ஏதோ மருந்து கொட்டிவிட்டது என்றார். என்ன மருந்து என்று மாமி கேட்டார். அப்பா பஜ்ஜித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

அங்கே நான் தலையைக் குனிந்து, ஆமாம், மருந்து என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்றைக்குக் காலையிலிருந்து எல்லோரும் என்னை எதையாவது மூடச் சொல்லிக்கொண்டே இருந்ததாக எனக்குத் தோன்றியது. "மருந்து இல்லை மாமி. மீன்" என்றேன். பெட்டிகளைச் சோதிப்பது என் வேலை, ஒரு பாட்டிலைத் திறந்தேன், கொட்டிவிட்டது என்று மொத்தத்தையும் சொன்னேன். தரகர் எழுந்து செருப்பைத் தேடப் போனார்.

யாருடைய பாட்டில் என்று மாமி கேட்டார். சொல்லக் கூடாது என்றேன். எந்த ஜாதிக்காரி என்றாவது சொல்லலாமே என்றார்.

"எல்லா ஜாதிக்கும் பெட்டி ஒரே மாதிரிதான் மாமி இருக்கு."

அப்போதுதான், அதுவரைக்கும் வாயைத் திறக்காத வரதன் மூக்கை இரண்டு தடவை உறிஞ்சினான். "வெறும் மீன் இல்லை. சீனிச் சம்பல்" என்றான். அவன் அதை யோசித்துச் சொல்லவில்லை. விடுகதைக்கு விடை தெரிந்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

மாமி மெதுவாக அவன் பக்கம் திரும்பினார். "நோக்கு எப்படிடா தெரியும்?"

பக்கத்து அறையில் இருப்பவர்கள் சாப்பிடுவார்கள் என்றான். பார்த்திருப்பாய் சரி, வாசனையை வைத்து எப்படிப் பெயர் சொன்னாய் என்றார். காற்றில் வரும் என்றான். மீன் காற்றில் வரும், சீனி எப்படிக் காற்றில் வரும் என்றார். (அந்த மாமி எங்கள் இலாகாவுக்கு வந்திருந்தால் சிலோன் விமானத்தில் ஒரு குண்டூசி தப்பியிருக்காது.) அவன் காது சிவந்தது. தட்டைப் பார்த்தான். தட்டிலிருந்த பஜ்ஜியை ஒரு பூனை எடுத்துக்கொண்டிருந்தது.

அவர்கள் கிளம்பினார்கள். மாமி முன்னால், மகன் பின்னால். போகிற போக்கில் அவன் என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். முறைத்தானா, சிரித்தானா என்று எனக்கு அப்போது தெரியவில்லை. கண் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அன்று அம்மா என்னோடு பேசவில்லை. மறுநாள் தெரு முழுக்கப் பேசியது. நான் ஏரோட்ரோமில் மீன் சாப்பிடுவதாகச் செய்தி ஒரு வீட்டில் ஆரம்பித்து, தெருக்கோடிக்குப் போய்ச் சேரும்போது நானே பிடித்துச் சமைப்பதாக வளர்ந்திருந்தது. பஜனைச் சங்கத்துக்கு என்னைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். தலைவி யார் என்பதை நினைத்துப் பார்த்து நான் சிரித்தேன். ஏன் சிரிக்கிறாய் என்று அம்மா கேட்டதற்கு அவளிடமும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் மதராஸிலிருந்து பெரிய அதிகாரி விசாரணைக்கு வந்தார். புகார் டெலிபோனில் வந்திருந்தது. மரியாதைக் குறைவாக நடந்தேன், சாமானைச் சேதப்படுத்தினேன் என்பது குற்றச்சாட்டு. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டால் வேலை பிழைக்கும் என்றார். மேஜையில் காகிதமும் பேனாவும் தயாராக இருந்தன. எங்கள் வீட்டுக்கு அந்தச் சம்பளம் எவ்வளவு வேண்டியது என்பது எனக்குத் தெரியும். பேனாவைக் கையில் எடுக்கவும் எடுத்தேன். ஆனால் எந்தக் குற்றத்துக்கு என்று எழுதுவது?

"புகார் எழுத்துல வரட்டும் சார். என்ன பாட்டில், அதுல என்ன இருந்தது, எவ்வளவு சேதம்னு மேடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா, நானும் எழுத்துல பதில் சொல்றேன்" என்றேன்.

அது நியாயம்தான் என்று அவர் மேடத்துக்கு டெலிபோன் போட்டார். எழுத்து மூலமாக, பொருளின் விவரத்தோடு, என்று சொல்லி முடித்துவிட்டு வெகுநேரம் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, என்னதான் இருந்தது அந்தப் பாட்டிலில் என்று என்னைக் கேட்டார். பிரயாணியின் சொந்த உபயோகப் பொருள் என்றேன். அருளப்பன் சாரைக் கேட்டார். அவர் தம் யூனிபாரத்தை ஒரு முறை குனிந்து பார்த்துக்கொண்டார். எத்தனை வெளுத்தும் போகாத ஆரஞ்சுக் கறை அதில் இருந்தது.

"செவப்பா இருந்துச்சு சார்" என்றார். "பாட்டில் தானாத்தான் தொறந்துகிச்சு."

பென்ஷனை நினைத்துப் பயந்து பயந்தே வாழ்ந்த மனிதர், எனக்காகச் சொன்ன ஒரே பொய் அது. அதற்கு நான் நன்றி சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பயந்துபோயிருப்பார்.

எழுத்தில் புகார் வரவே இல்லை. எண்ணெயில் ஊறிய உத்தரவை என்ன செய்வது என்று அருளப்பன் சார் மதராஸுக்கு எழுதிக் கேட்டார். நகல் அனுப்பவும் என்று அங்கிருந்து பதில் வந்தது. எங்களிடம் இருந்ததே ஒன்றுதான், அதைப் படிக்க முடியவில்லை, உங்களிடம் உள்ள நகலை அனுப்பவும் என்று இவர் எழுதினார். அங்கே தேடிப் பார்த்தார்கள் போலிருக்கிறது. பல மாதம் கழித்து, படிக்க முடியாத உத்தரவை அமல்படுத்த வேண்டியதில்லை என்று ஒரு வரி வந்தது. பதினோரு வருஷமாகச் சுதந்திரம் செய்ய முடியாததைச் சம்பல் செய்தது. அதற்குப் பிறகு மேடம் வந்தபோது, யாரும் கேட்பதற்கு முன்னால் சாவியை என்னிடம் நீட்டிவிட்டு, சோதனை முடியும் வரைக்கும் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் அகன்ற பாட்டில் எதுவும் இல்லை.

அடுத்த லீவில் வரதன் வந்தான். ஆண்கள் வரிசையில் நிற்காமல் நேரே என் மேஜைக்கு வந்து, பெட்டியை வைத்து, கேட்காமலேயே திறந்தான். சட்டைகளை ஒரு பக்கம் நகர்த்தி, ஒரு பொட்டலத்தைத் தனியாக எடுத்து வைத்தான். இளம் பச்சை நைலக்ஸ் புடவை.

"வரி போடவேண்டியது இது ஒண்ணுதான்" என்றான். "உங்களுக்காக வாங்கினது. அன்னிக்கு உங்க புடவை வீணாப் போச்சே."

பிரயாணியிடமிருந்து ஊழியர் எதையும் வாங்கக் கூடாது என்றேன். பிரயாணியாக இருக்கும்வரைதானே, வெளியே போய்விட்டால் நான் வெறும் ஆசாமிதானே என்றான். எனக்கு மட்டும்தான் உத்தரவில் ஓட்டை பார்க்கத் தெரியும் என்று அதுவரை நினைத்திருந்தேன். புடவைக்கு என்ன வரியோ அதைப் போட்டேன். ஒரு காசு குறைக்கவில்லை. கட்டிவிட்டு ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். உங்கள் அம்மா சம்மதிப்பாளா என்று கேட்டேன். சம்பல் சாப்பிட்டதை ஒத்துக்கொண்டாகிவிட்டது, அதற்கு மேல் அவளை அதிரவைக்க என்னிடம் வேறொன்றும் இல்லை, இதுதான் சமயம் என்றான்.

கல்யாணம் நடந்தது. மேடம் வரவில்லை; ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழ் அனுப்பினார். அதை எதற்காக அனுப்பினார் என்று எனக்கும் அவருக்கும் தெரியும். ஜைனம்பு பீவி மகளையும் மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு வந்து, முன் வரிசையில் உட்கார்ந்து, என் புடவையைத் தொட்டுப் பார்த்து, இதுக்கு வரி கட்டியாச்சா என்று கேட்டார்.

மாமியாருக்கும் எனக்கும் பல வருஷம் யுத்தம் நடந்தது. அவருக்குக் குறுக்கு விசாரணையும் எனக்குப் பிடிவாதமும் பிறவிக் குணம். ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும், காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அவர் அந்தக் கதையை எடுப்பார். சம்பல் என்ற வார்த்தையை மட்டும் கடைசி வரைக்கும் சொன்னதில்லை. "அந்த வஸ்து" என்பார். கதை எப்போதும் ஒரே இடத்தில்தான் முடியும். இப்போது என் பேரப் பிள்ளைகள் அவர் குரலிலேயே அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

"ஊர்ல அவா அவா பிள்ளைக்கு வரதட்சணை வாங்கினா. எம்பிள்ளை ஒருத்தன்தான் கவர்ன்மெண்டுக்குச் சுங்க வரி கட்டிப் பொண்டாட்டியை அழைச்சுண்டு வந்தான். ரசீது இருக்கு, வேணும்னா பார்த்துக்கோங்கோ."